வேட்டைக்கு நாளும் வரம்பும்

திருவனந்தபுரம் கோட்டையில் ஆண்டுக்கு இருமுறை ஒரு வேட்டை நடைபெறுகின்றது. பத்மநாப சுவாமி திருக்கோயிலின் ஐப்பசித் திருவிழாவிலும் பங்குனித் திருவிழாவிலும் ஒன்பதாம் நாள் இரவு, வாத்திய முழக்கமின்றி ஓர் ஊர்வலம் புறப்படும். சுந்தரவிலாசம் அரண்மனைக்கு அருகிலுள்ள வேட்டைக்களத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வில்லை வளைத்து ஓர் இளநீரின்மேல் அம்பு எய்வார். அம்பு தைத்ததும் அதுவரை அடங்கியிருந்த முழக்கம் எழும். மறுநாள் சங்குமுகத்தில் ஆறாட்டு. கரமனையிலிருந்து குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சென்று இப்பள்ளிவேட்டையைக் கண்டவர்கள் நம் அன்பர்களுள் பலர் உண்டு.

இதைப் பார்த்து நிற்கையில் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. வேட்டைக்கு இன்ன நாள், இன்ன இடம், எய்பவர் இன்னார், எய்யும் பொருள் ஒன்றே என்று இத்தனை ஒழுங்கோடு இன்று கேரள மண்ணில் நடப்பது திருக்கோயில்களின் பள்ளிவேட்டைதான். மற்ற எந்த வேட்டைக்கும் சட்டத்தில் பருவமில்லை. அமெரிக்காவிலோ கானடாவிலோ குடியேறிய நம் பிள்ளைகள், அங்கே மான் வேட்டைக்கு இத்தனை வாரம், தலைக்கு இத்தனை மான் என்று அரசாங்கமே அச்சிட்டுக் கொடுப்பதாக எழுதும்பொழுது, நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இது போன்ற ஏற்பாடு இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

இப்பொருள் குறித்து எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன். கரமனையில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் வாழும் அன்பர் ஒருவர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். ஓய்வு பெற்றபின், கரமனையாற்றின் மேற்பகுதியில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் அரை ஏக்கர் வாங்கி மரச்சீனி பயிரிட்டார். அவருடைய தம்பி அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், களக்காட்டுப் பக்கம், பிதிரார்ச்சித நிலத்தில் வேர்க்கடலை பயிரிடுகின்றார். இருவர் தோட்டத்தையும் உழுதது ஒரே வகைப் பிராணி, காட்டுப்பன்றி. ஒரு நாள் தம்பி தொலைபேசியில், "அண்ணே, உங்க ஊரிலே பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டாலே பன்றியைச் சுடலாமாமே. எங்களுக்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை?" என்று கேட்டாராம். அண்ணன் அக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார். மலை ஒன்று, பன்றி ஒன்று, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஒன்று. நடைமுறை மட்டும் எவ்வாறு இரண்டாயிற்று?

இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்த மகளிரைப் பற்றி நம் பழம்பாடல்கள் எவ்வளவோ பேசுகின்றன. அங்கே பன்றி பயிரின் பகை. அதை விரட்டவும் கொல்லவும் புனத்தார்க்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இம்மலைகளில் வேட்டைக்கு எழுத்துவடிவில் விதி வந்தது துப்பாக்கி வந்த பின்னர்தான். நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர் கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளியதில் வரையாடும் கடமானும் அருகத் தொடங்கின. தம் பொழுதுபோக்கே அற்றுப்போய்விடும் என்ற அச்சம் பிறந்தது. 1877 ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879 இல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டைப் பிராணிகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. இன்ன மாதங்களில் சுடலாகாது என்று அறிவிக்கும் அதிகாரம் அரசாங்கத்திற்குக் கிடைத்தது. பெட்டைகளையும் குட்டிகளையும் சுடலாகாது, உரிமம் இன்றிச் சுடலாகாது என்ற வழக்கங்கள் வேரூன்றின.

இவ்விதிகளை வகுத்தவர்கள் வேட்டைக்காரர்களே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். விலங்கின்மேல் கொண்ட இரக்கத்தைவிட, அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்கு வேண்டுமே என்ற கணக்கே அவர்களை நடத்தியது. ஆனால் அக்கணக்கு ஓரளவு பலித்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. மூணாறு மலையிலுள்ள இரவிகுளத்தைப் பாருங்கள். தேயிலைத் தோட்ட அதிகாரிகள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த புல்வெளி அது. அவர்களுடைய சங்கமே அங்கு வேட்டையைக் கட்டுப்படுத்தியது. மலைக்குடிகளான முதுவர்கள் காவல் புரிந்தனர். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கண்ணன் தேவன் மலை நிலங்களைக் கேரள அரசு மீட்டுக்கொண்டது. 1975 இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978 இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று உலகிலேயே வரையாடுகள் மிகுதியாக ஒருங்கே வாழும் இடம் அதுதான். 2025 ஆம் ஆண்டில் கேரளமும் தமிழகமும் சேர்ந்து எடுத்த கணக்கில் இரு மாநிலங்களிலுமாக 2,668 வரையாடுகள் காணப்பட்டன. அந்தத் தேயிலைத் தோட்டங்களில் நம் இனத்தார் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளி வந்தனர். அவர்கள் கண்ணெதிரிலேயே இவ்வளவும் நடந்தது. எனினும் அந்த வேட்டையில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. அதன் விதியில் அவர்களுக்கு வாக்கும் இல்லை.

திருவிதாங்கூரின் கதையும் இதை ஒட்டியதே. பெரியாற்றுத் தேக்கத்தைச் சூழ்ந்த காடு அரசர்கள் வேட்டையாடும் காடாக இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1934 இல், அது நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. இன்று தேக்கடி என்று நாம் சுற்றுலா செல்லும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் தொடக்கம் அதுதான்.

சுதந்திரத்திற்குப் பின்னரும் மாகாணத்துக்கு ஒரு விதி, சமஸ்தானத்துக்கு ஒரு விதி என்றிருந்த நிலை 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் மாறிற்று. இச்சட்டம் வந்த அன்றே வேட்டை நின்றுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அந்தச் சட்டத்தின் மூல வடிவில் பெருவேட்டைக்கு ஓர் உரிமம், சிறுவேட்டைக்கு ஓர் உரிமம், விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பதற்கு ஓர் உரிமம் எனப் பல இருந்தன. விலக்கப்பட்ட பருவம் இருந்தது. வண்டியிலிருந்து சுடலாகாது, நஞ்சு வைக்கலாகாது என்று முறைகளுக்கும் வரம்பு இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1991 ஆம் ஆண்டுத் திருத்தமே உரிமங்களுக்கான விதிகளை அடியோடு நீக்கிற்று. பருவத்தில் சுடலாம் என்பது போய், எப்பொழுதும் சுடலாகாது என்றாயிற்று. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இன்னொரு திருத்தம் அட்டவணைகளைச் சுருக்கி அமைத்தது. அதன்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

விதிவிலக்குகளுள் முதன்மையானவை இரண்டு. உயிருக்கு ஆபத்து நேர்கையில் தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் கொல்வது குற்றமாகாது. ஆயினும் கொன்ற விலங்கு அரசாங்கத்தின் உடைமை. மற்றொன்று, மனிதருக்கோ பயிருக்கோ கேடு விளைக்கும் விலங்கைக் கொல்ல அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் தரும் அனுமதி. இந்த இரண்டாவது வாயில் வழியாகத்தான் இரு மாநிலங்களும் வேறு வேறு பாதையில் நுழைந்தன.

கேரளம் அந்த அனுமதி அதிகாரத்தை ஊராட்சிகளிடம் தந்தது. 2022 மே மாதம் எடுத்த முடிவின்படி, கிராம பஞ்சாயத்துத் தலைவரும் நகரசபைத் தலைவரும் மாநகராட்சி மேயரும் கௌரவ வன உயிரினக் காப்பாளர்கள் ஆயினர். காட்டுக்கு வெளியே பயிரையோ உயிரையோ அச்சுறுத்தும் பன்றியைக் கொல்ல அவர்கள் ஆணையிடலாம். சுடுபவர் முறையான உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவராக இருத்தல் வேண்டும். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகிய மூன்றும் கூடா. சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டுமேயன்றிச் சட்டியிலிடலாகாது. கரமனைக்குள் பன்றி வருமாயின் காப்பாளர் பதவி நம் மேயருக்கு உரியது என்பது ஒரு வேடிக்கை. இவ்வாணை காலக்கெடு உடையது. அவ்வப்பொழுது நீட்டிக்கப்பட்டு வந்தது. ஆதலின் விண்ணப்பிக்குமுன் அது அன்று நடப்பில் உள்ளதா எனப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நலம். காட்டுப்பன்றியைத் தொல்லைப் பிராணியாக அறிவிக்குமாறு கேரளம் பன்முறை வேண்டியும் மத்திய அரசு இணங்கவில்லை. 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் தானே ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தில் கைவைக்கும் மசோதாவாதலின் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

தமிழகமோ துப்பாக்கியை வனத்துறையின் கையிலேயே வைத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி தூரமே அளவுகோல். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட தொலைவில் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம், உழவர் சுடலாகாது.

எது நன்று? இரண்டிலும் குறை உண்டு என்பது என் கருத்து. தமிழக விதி காட்டோரத்து ஏழை உழவனையே கைவிடுகின்றது. பன்றியின் முதல் வாய்க்கு இரையாகும் நிலம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தானே உள்ளது! கேரள விதி உழவனின் வாசலுக்கே அனுமதியைக் கொண்டுவருகின்றது. ஆனால் இத்தனை பன்றிதான் என்ற எண்ணிக்கை வரம்பையோ, ஈனும் பருவத்தில் கூடாது என்ற நாள் வரம்பையோ முதன்மையாகக் கொள்ளவில்லை. பழைய வேட்டைக்காரன் தன் நலத்துக்காகவேனும் வைத்துக்கொண்ட கணக்கு இதில் இல்லை. அனுமதிச் சீட்டு பயிரைக் காப்பதற்கு. இறைச்சிக்கு அன்று என்ற ஒரே வேலிதான் இங்கே காவல். அந்த வேலியைத் தாண்டிப் பன்றிக்கறி வாங்கி உண்டவரும் விற்றவரும் சட்டத்தின் முன் வேட்டைக்காரரைப் போலவே நிற்க நேரும்.

விதியின் தாமதம் கண்டு பொறுமையிழந்து சிலர் வேறு வழி நாடுகின்றனர். பைக்கின் கிளட்ச் கம்பியைச் சுருக்காக்கி வேலியில் கட்டுகின்றனர். பழத்துக்குள் அவுட்டுக்காய் வைக்கின்றனர். வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் பாய்ச்சுகின்றனர். சுருக்கும் வெடியும் கம்பியும் இது பன்றி, இது வேறு என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் வெடிப்பொருள் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானையொன்று, வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர் விட்டதை உலகமே பார்த்தது. 2025 ஜூனில் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில் பன்றிக்காகச் சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பியில் சிக்கி, மீன் பிடிக்கச் சென்ற பள்ளி மாணவன் ஒருவன் மாண்டான். நம் குடும்பங்களில் மலையடிவாரத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்திருப்போர், காவலுக்கு வைத்த ஆள் இவ்வாறு கம்பி இழுத்திருக்கின்றானா என்று நேரில் சென்று பார்த்துவிடுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று நிலத்துக்கு உரியவர் சொல்லித் தப்ப முடியாது.

நிலம் இல்லாதவர்க்கு இச்சட்டத்தோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதுவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குக் கொல்லுதல் மட்டும் பொருளன்று. பிடித்தல், பொறி வைத்தல், இரை காட்டி அழைத்தல், துரத்துதல், பறவையின் கூட்டையும் முட்டையையும் குலைத்தல் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். திண்ணையில் கூண்டுக்குள் 'அக்கா, அக்கா' என்று கூப்பிடும் பச்சைக்கிளி சட்டத்தின் பார்வையில் வேட்டையின் பயனே. வெளிநாட்டிலிருந்து வந்த லவ் பேர்ட்ஸ் வகை வேறு. நம் நாட்டுக் கிளியை வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். காடையும் அப்படியே, பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை வேறு, வயலில் வலைவிரித்துப் பிடிக்கும் காடையும் கௌதாரியும் வேறு. உடும்போ முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொன்றார்க்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. இடுப்பு வலிக்கு உடும்புக்கறி என்று பாட்டி சொன்ன வைத்தியம் இன்று செல்லாது.

இனிப் பழம்பெட்டிகளைத் திறப்போம். நம் வீடுகளில் குழந்தையின் அரைஞாணில் கோத்த புலிநகம் உண்டு. ஜபத்துக்கு இட்ட மான்தோல் உண்டு. பூணூல் கல்யாணத்தில் பிரம்மசாரியின் பூணூலில் முடிய மான்தோல் துண்டு தேடுவோரும் உண்டு. இவையெல்லாம் சட்டத்தின்படி விலங்குப் பொருள்கள். பரம்பரையாக வைத்திருப்போர் அறிவித்துச் சான்று பெறுவதற்கென 2003 ஆம் ஆண்டில் 180 நாள் தவணை தரப்பட்டது. அன்று சான்று பெற்றவர் இன்று அப்பொருள் வேண்டாமெனில், தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு முன்னறிவிப்புத் தந்து ஒப்படைக்கலாம், ஈட்டுத்தொகை எதிர்பார்க்கலாகாது. சான்று இல்லாதவர் அதை விற்பதோ, சீராகக் கொடுப்பதோ, தபாலில் அனுப்புவதோ வினையை விலைக்கு வாங்குவதாகும். முதலில் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, பின்னர் வழுதக்காட்டிலுள்ள வனத்துறைத் தலைமையகத்தை நாடுதல் தக்கது. கரமனையிலிருந்து அது வெகு தூரமில்லை. மயிலின் தோகைக்கு மட்டும் சட்டம் இரக்கம் காட்டுகின்றது. தானாக உதிர்ந்த பீலியைப் பூசையறையில் வைத்திருக்கத் தடையில்லை.

மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரையோர வீடுகளில் பாம்பு நுழைவது நமக்குப் புதிதன்று. அதை அடிப்பதும் குற்றம். பயிற்சியின்றிப் பிடிப்பதும் குற்றம். கேரள வனத்துறை 2020 முதல் பயிற்சியும் சான்றும் பெற்றவர்களே பாம்பு பிடிக்கலாம் என்று வகுத்துள்ளது. கைப்பேசியில் 'சர்ப்பா' என்னும் செயலி வழியாக அருகிலுள்ள சான்று பெற்றவரை அழைக்கலாம். 1991 இல் ஒழிந்த பொறி உரிமத்தின் நற்பிறவி என்று இதைச் சொல்லத் தோன்றுகின்றது.

பருவமும் வரம்பும் முற்றிலும் மறைந்துவிட்டன என்று சொன்னேனல்லவா? நிலத்தில்தான் மறைந்தன, நீரில் அவை உயிரோடு இருக்கின்றன. கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகள் இழுவலை வீசலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். சாளை எனப்படும் மத்தி பத்து சென்டிமீட்டருக்கும், அயிலை பதினான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாயின் பிடிக்கலாகாது என்பது கேரள விதி. முதல் மழையில் புதுவெள்ளத்தை எதிர்த்து முட்டையிட ஏறிவரும் ஆற்றுமீனை வழிமறித்துப் பிடிக்கும் 'ஊத்தா' பிடித்தமும் தடை செய்யப்பட்டதே. மீன் உண்ணும் நம் குடும்பத்தார் சந்தையில் விரல் நீளத்துக்கும் குறைந்த மத்தி குவிந்திருக்கக் கண்டால் விலை மலிவென்று மகிழ வேண்டா. 1879 ஆம் ஆண்டு நீலகிரியில் 'குட்டியைச் சுடாதே' என்று சொன்னார்களே, அதே கணக்குத்தான் இது.

அண்ணன் தம்பி கதையின் மிச்சத்தைச் சொல்லவில்லையே. அண்ணனுக்குப் பஞ்சாயத்தில் அனுமதி கிடைத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. அவர் மூன்று இரவு கண்விழித்துக் காத்திருந்தார். ஒரு பன்றியும் வரவில்லை. நான்காம் இரவு அவர் தம் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட, பன்றிக்கூட்டம் வந்து மரச்சீனியில் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டுப் போயிற்று. தம்பியின் நிலத்தை அளந்து பார்த்ததில் அது காட்டெல்லையிலிருந்து எண்ணூறு மீட்டர். அவருக்குச் சுடுதலும் இல்லை, பிடித்தலும் இல்லை. பயிர்ச்சேத நிவாரணத்துக்கு மனு எழுதுதல் ஒன்றே உண்டு. மனு எழுதினார். வந்த தொகை விதைக்கடலையின் விலைக்குச் சரியாக இருந்ததாம்.

சென்ற மாதம் அண்ணன் என்னிடம், "தம்பி சொல்றான், மஞ்சளைப் பன்றி அவ்வளவாகத் தொடாதாம். நாங்கள் இருவரும் இந்த முறை மஞ்சள்தான் போட்டிருக்கிறோம்" என்றார். மலைக்கு இப்புறம் அரை ஏக்கர், அப்புறம் ஒன்றரை ஏக்கர். அறுவடை தைக்குப் பிறகு.